வெங்காயத்தில் இல்லாத புன்மையத்தி

போன ஞாயிறு வகுப்பில் நன்றாக மாட்டிக்கொண்டேன். திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் ஒரு வீட்டின் பின்விறாந்தையில் நடக்கிற உயர்தர உயிரியல் வகுப்பு அது. பதினாலு பிள்ளைகள், ஒரே ஒரு நுணுக்குக்காட்டி, அதன் கண்ணாடியிலும் பூஞ்சணம் (கடற்கரைப் பக்கம் எந்தக் கண்ணாடியையும் காற்று விட்டுவைக்காது). இழையுருப்பிரிவு காட்டவென்று நாலு நாளைக்கு முன்பே பம்பாய் வெங்காயம் ஒன்றை யோகட் கோப்பைத் தண்ணீரில் இருத்தி வேர்விட வைத்திருந்தேன். வேர் நுனியில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வெட்டி, ஐதான அமிலத்தில் கொஞ்சம் சூடாக்கி, சாயம் போட்டு, மூடுகண்ணாடியை வைத்துப் பெருவிரலால் அழுத்த வேண்டும். அழுத்தும்போது விரல் ஒரு மயிரளவு பக்கவாட்டில் வழுக்கினால் போதும், எல்லாம் கூழ். அன்று வழுக்கவில்லை. பதினாறு நிறமூர்த்தமும் நடுவில் வரிசை கட்டி நின்ற கலம் ஒன்று, பக்கத்திலேயே இரண்டு கூட்டமாய் விலகிப் போய்க்கொண்டிருந்த கலம் ஒன்று, இரண்டும் ஒரே பார்வையில் அகப்பட்டன. எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாவதாகப் பார்த்த பிள்ளை கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"சேர், புன்மையத்தி எங்க?"

"வெங்காயத்தில இல்லை பிள்ளை. விலங்குக் கலத்திலதான்."

"அப்ப இவ்வளவு ஒழுங்கா ரெண்டாப் பிரிச்சது ஆர்?"

"கதிர்நார்."

"கதிரைக் கட்டுறதே புன்மையத்திதான் எண்டு போன கிழமை நீங்கதானே சேர் சொன்னீங்க?"

நான் வெண்பலகையைத் துடைக்கத் தொடங்கினேன். ரியூசன் வாத்திமாருக்குத் தெரிந்த பழைய தந்திரம் அது, பலகை சுத்தமாவதற்குள் ஏதாவது பதில் வந்துவிடும். அன்று வரவில்லை. அடுத்த கிழமை சொல்கிறேன் என்று தப்பிவிட்டேன். இந்தப் பதிவு அந்த அடுத்த கிழமைக்கான ஆயத்தமாக எழுதத் தொடங்கியது.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு சின்ன அகராதி: எங்கள் ஊர்ப் பாடத்தில் கலம் என்றால் செல், நிறமூர்த்தம் என்றால் குரோமோசோம், புன்மையத்தி என்றால் சென்ட்ரியோல், இழையுருப்பிரிவு என்றால் மைட்டோசிஸ், கதிர் என்றால் ஸ்பிண்டில், அதாவது பிரிவின்போது நிறமூர்த்தங்களைப் பிரித்து இழுக்கும் நுண்குழாய்க் கட்டு. செங்குத்தாக ஒன்றுக்கொன்று பக்கத்தில் கிடக்கும் இரண்டு புன்மையத்திகளும் அவற்றைச் சுற்றியிருக்கும் புரதக் களியும் சேர்ந்ததுதான் சென்ட்ரோசோம்.

ஆளைப் பார்த்தால் இத்தனூண்டு. ஒரு புன்மையத்தி ஏறத்தாழ அரை மைக்ரோமீற்றர் நீளம், அகலம் அதில் பாதியும் வராது. ஒன்பது தூண் வட்டமாக நிற்கும், ஒவ்வொரு தூணும் மூன்று நுண்குழாய்கள் ஒட்டியது. உள்ளே அடியில் எஸ்ஏஎஸ் 6 என்ற புரதம் வண்டிச்சில்லு மாதிரி ஒன்பது ஆரம் வைத்து உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் எட்டோ பத்தோ ஆகாமல் ஒன்பது. (ஒன்பது என்றதும் நவக்கிரகத்தோடு முடிச்சுப் போட்டு யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எனக்கு ஆச்சரியமில்லை. தயவுசெய்து எனக்கு அனுப்ப வேண்டாம்.) சுற்றியிருக்கிற களியில் காமா டியூபுலின் என்ற புரதத்தாலான வளையங்கள் இருக்கின்றன. அந்த வளையங்கள்தான் அச்சு, 25 நனோமீற்றர் தடிப்பில் நுண்குழாய்கள் அவற்றிலிருந்து முளைத்து நாலா பக்கமும் நீளும்.

வகுப்பில் இதுவரை இதை எப்படிச் சொல்லிக் கொடுத்தேன் என்றால், கரைவலையை வைத்துத்தான். நிலாவெளிப் பக்கம் காலையில் போனால் பார்க்கலாம். கடலில் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, கரையில் நூறு இருநூறு யார் தூரம் தள்ளி இரண்டு கூட்டம் நின்று இரண்டு கயிற்றையும் இழுக்கும். சம்மாட்டி நடுவில் நின்று இரண்டு பக்கமும் சத்தம் போடுவார். ஒரு பக்கம் முந்தினாலும் வலை கோணும், மீன் போய்விடும். கலத்திலும் அதே மாதிரி இரண்டு சென்ட்ரோசோம் இரண்டு முனையில் நின்று கயிறு விட்டு இழுக்கிறது என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும், படம் கீறிவிடுவார்கள், புள்ளியும் விழும்.

ஆனால் உவமை இரண்டு இடத்தில் பிழை. முதலாவது சின்னப் பிழை: கலத்தில் கயிற்றை யாரும் கரையில் சுருட்டுவதில்லை. கயிறு நிறமூர்த்தத்தைப் பிடித்திருக்கும் முனையிலேயே கரைந்துகொண்டு போகிறது, கயிறு கரையக் கரைய நிறமூர்த்தம் கதிரின் முனையை நோக்கி வருகிறது. (அடியிலும் கொஞ்சம் கரையும், அதை விடுங்கள்.) இரண்டாவது பெரிய பிழை, அந்தப் பிள்ளை பிடித்தது. கரையில் ஆளே இல்லாவிட்டாலும் வலை வந்துவிடுகிறது!

வெங்காயம் மட்டுமா, முற்றத்துத் தென்னை, பனை, வேம்பு ஒன்றிலும் சென்ட்ரோசோம் கிடையாது. சரி, மரஞ்செடிக்கு வேறு வழி இருக்கும், விலங்குக்கு அது வேண்டும் என்று சமாதானம் சொல்லலாம் என்றால் அதுவும் நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டு அலெக்சி கோஜகோவும் கொன்லி றீடரும் இன்னும் சிலரும் விலங்குக் கலத்தின் சென்ட்ரோசோமை லேசரால் சுட்டு அழித்துவிட்டுப் பார்த்தார்கள். கதிர் அமைந்தது, இரண்டு முனையும் கூம்பாக வந்தது. நிறமூர்த்தங்களைச் சுற்றியே நுண்குழாய்கள் முளைக்கின்றன, மோட்டார்ப் புரதங்கள் அவற்றின் நுனிகளைப் பிடித்து ஒன்றாகக் கட்டிவிடுகின்றன. மீனே கயிறு திரித்துக் கரைக்கு வந்த கதை. நம்ப ஒரு நாள் எடுத்தது எனக்கு.

அதைவிடப் பெரிய அடி 2006இல். பழ ஈயில் புன்மையத்தி உண்டாகத் தேவையான ஒரு மரபணுவைக் கெடுத்து, கேம்பிரிட்ஜில் ஜோர்டன் ராஃபின் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்கள். தாய் முட்டையில் வைத்துவிட்ட கையிருப்பு ஆரம்ப நாட்களுக்கு உதவியது, அதன் பிறகு புன்மையத்தி என்ற பேச்சே இல்லை. ஆனாலும் புழு வளர்ந்தது, கூட்டுப்புழுவானது, சிறகும் கண்ணும் காலும் வைத்த முழு ஈயாக, ஏறத்தாழச் சரியான நாளிலேயே வெளியே வந்தது. எத்தனை ஆயிரம் கலப்பிரிவு அதற்குள் நடந்திருக்கும்! வந்த பிறகுதான் செத்தது. நடக்கத் தெரியவில்லை, கால் எங்கே இருக்கிறதென்றே அதற்குத் தெரியவில்லை, போத்தலின் அடியில் இருந்த உணவில் விழுந்து ஒட்டிக்கொண்டு கிடந்தது.

ஏன் தெரியவில்லை? பிசிர் (கலத்திலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் நுண்மயிர், சிலியா) இல்லை. ஈயின் உடம்பில் அசைவையும் தொடுகையையும் உணரும் நரம்புக் கலங்களின் நுனியில் பிசிர் இருக்கும். பிசிர் முளைக்க அடியில் ஒரு முளைக்கட்டை வேண்டும், அந்த முளைக்கட்டைதான் புன்மையத்தி. மூத்த புன்மையத்தி மென்சவ்வுக்கு அடியில் போய் ஊன்றிக்கொள்ளும், அதன் ஒன்பது தூண்களும் அப்படியே மேலே நீண்டு பிசிராகும்.

இங்கே வெங்காயத்தின் கணக்கும் தீர்கிறது. பாசிகள், பன்னங்கள், சைகஸ் இவற்றின் ஆண் புணரிகள் (விந்துக் கலங்கள்) வால் வைத்து நீந்துபவை. சைகஸ் கூட்டத்தில் சிலவற்றின் புணரி வெறுங்கண்ணுக்கே புள்ளியாகத் தெரியுமளவு பெரியது, அதில் ஆயிரக்கணக்கில் சவுக்குமுளை (நீந்தும் வால்). நீந்தும் புணரி உள்ள இந்தத் தாவரங்கள், தேவை வரும் நேரத்தில் புன்மையத்தியைப் புதிதாகவே செய்துகொள்கின்றன. பூக்கும் தாவரத்துக்கு நீந்த வேலை இல்லை, மகரந்தக் குழாய் கொண்டுபோய் விட்டுவிடும். நீச்சல் போனது, கூடவே புன்மையத்தியும் போனது, கலப்பிரிவு மட்டும் எப்போதும்போல நடக்கிறது. ஆக, புன்மையத்தி எங்கே இருக்கிறது என்று தேடினால் கலப்பிரிவைப் பின்தொடர்ந்து போகக்கூடாது, பிசிரைப் பின்தொடர வேண்டும். மூதூர் லாஞ்சில் சுக்கானுக்குப் பக்கத்தில் போய் நிற்கிற சின்னப் பெடியன் தானே ஓட்டுகிறேன் என்று நினைப்பானே, புன்மையத்தியை நாங்கள் அப்படிப் பார்த்துவிட்டோம். கதிரின் முனையில் அது நிற்பது பெரும்பாலும், இரண்டு மகட் கலத்துக்கும் ஆளுக்கொன்று போய்ச் சேர வேண்டும் என்பதற்காக என்றுதான் பலர் வாதிடுகிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது, கீழே சொல்லப்போகும் ஒரு விஷயத்தைத் தவிர.

பிசிர் என்றதும் எனக்குப் பெரியம்மாவின் மகன் ஞாபகம் வராமல் இருக்காது. எனக்கு அண்ணன் முறை. சின்னதிலிருந்தே மூக்கொழுகல், நெஞ்சில் சளி, காதில் சீழ், மாரி தொடங்கினால் அவன் வீட்டில் வேப்பெண்ணெய் மணம்தான். பதினெட்டு வயதில் ஓரிடத்தில் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு, பக்கம் மாறிப் போட்டுவிட்டோம் என்று திரும்ப எடுத்தார்கள். திரும்பவும் அப்படித்தான். பிறகு கொஞ்சம் வயதான வைத்தியர் ஒருவர் வந்து ஒன்றும் பேசாமல் குழாயை நெஞ்சின் வலப்பக்கம் வைத்துக் கேட்டார். இதயம் அங்கேதான் இருந்தது. அண்ணன் அதற்குப் பிறகு பல வருடம், சத்தியம் பண்ணும்போது வலது நெஞ்சில் கைவைத்து எங்களைச் சிரிக்க வைப்பான்.

அவனுடையதில் புன்மையத்தியில் பிழை இல்லை, அதன்மேல் முளைத்த பிசிரின் மோட்டாரில் பிழை. மூச்சுக்குழாயில் ஒரு கலத்துக்கு இருநூறு பிசிர் வரை, நொடிக்குப் பத்துத் தடவை அடித்துச் சளியை மேலே தள்ள வேண்டும், தள்ளவில்லை. விந்தின் வாலும் அதே இயந்திரம், ஆகவே பிள்ளை கிடைப்பதும் சிரமம். 1976இல் சுவீடனின் பியோர்ன் அஃப்சீலியஸ் இந்த முடிச்சை அவிழ்த்தார். இதயம் ஏன் பக்கம் மாறியது என்பதற்கு விடை 1998இல் டோக்கியோவில் நொபுதாக்கா ஹிரோகாவாவின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. எலிக் கருவில், இடம் வலம் முடிவாகும் முன், ஒரு சின்னக் குழியில் பிசிர்கள் சுழன்று நீரை இடப்பக்கமாக ஓட வைக்கின்றன, அந்த ஓட்டம்தான் கருவுக்கு இது இடது என்று சொல்கிறது. பிசிர் நின்றால் யாரும் சொல்வதில்லை, பூவா தலையா போட்ட மாதிரி. அதனால்தான் இந்த நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் உறுப்புகள் பக்கம் மாறுகின்றன. இந்தப் பாதி என்ற கணக்கை எப்போது சொன்னாலும் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும்.

ஒரே ஆளுக்கு இரண்டு வேலை என்பதால் ஒரு சிக்கலும் உண்டு. கலம் பிரிய வேண்டுமென்றால் முதலில் பிசிரை உள்ளே இழுத்துக்கொண்டு புன்மையத்தியை விடுவிக்க வேண்டும். பிசிர் நீட்டிக்கொண்டு நிற்கும்போது பிரிவு நடக்காது.

இன்னொரு விஷயம், எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும். கிழக்கில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு, வளவு, கிணறு, பாத்திரம் பண்டம் எல்லாம் பெண்ணுடையது. மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து இறங்குவார். முட்டையும் விந்தும் சேர்வது அச்சு அசல் அப்படியே. இழைமணி (மைட்டோகொண்ட்ரியா) உட்பட வீட்டுச் சாமான் முழுக்க முட்டையின் பக்கம். விந்து கொண்டுவருவது பாதி நிறமூர்த்தமும் அந்த சூட்கேசுக்குள் ஒரு புன்மையத்தியும். (ஒன்றல்ல, வடிவம் மாறிய இரண்டாவது ஒன்றும் இருக்கிறது என்று 2018இல் காட்டியிருக்கிறார்கள்.) மனித முட்டை தன்னுடைய புன்மையத்திகளை முன்பே இழந்துவிடும். எலியில் இது இல்லை, எலி விந்து வெறுங்கையோடு வருகிறது, முளையம் கொஞ்சம் வளர்ந்த பிறகு தானே செய்துகொள்கிறது.

முட்டை ஏன் தன்னுடையதை விட்டுக்கொடுக்கிறது? எண்ணிக்கை. மேலே தவிர என்று சொன்னேனே, அது இதுதான். சென்ட்ரோசோம் இல்லாவிட்டால் கலம் எப்படியோ சமாளிக்கும், கூடிவிட்டால்தான் வில்லங்கம். கரைவலைக்குத் திரும்பிப் போனால், கரையில் ஆளே இல்லாமல் வலை வந்தாலும் வரும், மூன்றாவது கூட்டம் ஒன்று வந்து மடியில் கயிறு கட்டி வேறு பக்கம் இழுத்தால் வலை கிழியும்.

இதை முதலில் கண்டவர் தியோடர் பொவெரி. 1888இல் சென்ட்ரோசோம் என்ற பெயரை வைத்தவரும் அவர்தான். ஜேர்மன்காரர், நேப்பிள்ஸ் கடற்கரை ஆய்வு நிலையத்தில் கடல் முள்ளெலியின் முட்டைகளோடு இருந்தவர். கடல் முள்ளெலி எங்களுக்குப் புதிதல்ல. புறாத்தீவில் பவளப்பாறைக்கு நடுவே கறுப்பு உருண்டை, ஒரு சாண் முள். பள்ளிக்கூடக் காலத்தில் ஒன்றின் மேல் குதிகாலை வைத்து, நாலு முள் உள்ளே முறிந்து, கரைக்கு வந்ததும் யாரோ தேசிக்காய் பிழிந்து தேய்க்க நான் போட்ட சத்தம் தீவில் இருந்த புறா எல்லாம் கேட்டிருக்கும். அந்தப் பிராணியின் முட்டை கண்ணாடி மாதிரித் தெளிவு, உள்ளே நடப்பது வெளியிலிருந்தே தெரியும். இரண்டு விந்து ஒரே முட்டைக்குள் புகும்படி பொவெரி செய்தார். இரண்டு சென்ட்ரோசோம் வந்தது, இரண்டும் இரட்டித்து நாலானது. நாலு முனைக் கதிர், முட்டை ஒரே தடவையில் நாலாகப் பிரிந்தது, நிறமூர்த்தம் யாருக்கு எத்தனை என்று கணக்கில்லை. அந்த நாலு கலத்தையும் பிரித்துத் தனித்தனியே வளர்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெட்டது. எண்ணிக்கை மட்டுமல்ல, ஒவ்வொரு நிறமூர்த்தத்துக்கும் தனி வேலை இருக்கிறது என்று அதிலிருந்து பிடித்தார். 1914இல், புற்றுநோயும் இப்படிப் பங்கு பிழைத்த கலத்திலிருந்துதான் கிளம்புகிறதோ என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அடுத்த வருடம் செத்துப் போனார். அவருடைய மனைவி மர்செல்லாவும் உயிரியலாளர்தான், 1929இல் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது அவர்.

புற்றுக் கலங்களில் பலவற்றில் சென்ட்ரோசோம் கூடுதலாக இருப்பது இன்று வழமையான கண்டுபிடிப்பு. அந்தக் கலங்களும் கெட்டிக்காரர்கள், நாலையும் இரண்டு குவியலாகச் சேர்த்து இரண்டு முனை மாதிரியே நடித்துத் தப்பிவிடுகின்றன. சாதாரணக் கலத்தில் இந்த எண்ணிக்கையைக் காப்பது பிஎல்கே 4 என்ற நொதியம். ஒரு கலவட்டத்துக்கு ஒரே ஒரு தடவை, ஒவ்வொரு பழைய புன்மையத்தியின் பக்கத்திலும் ஒரே ஒரு குட்டி. 2015இல் இந்த நொதியத்தை நிறுத்தும் சென்ட்ரினோன் என்ற சேர்வையை வைத்து மனிதக் கலங்களின் சென்ட்ரோசோமை இல்லாமலாக்கிப் பார்த்தார்கள். பல புற்றுக் கலங்கள் ஒன்றும் நடக்காத மாதிரிப் பிரிந்துகொண்டே போயின. நல்ல கலங்கள் பி53 என்ற காவல் புரதத்தின் சொல்கேட்டு வேலையை நிறுத்திவிட்டன. ஆகவே ஈயின் கதையை வைத்து மனிதனுக்கும் இது தேவையில்லை என்று சொல்லிவிடக் கூடாது, நான் முதலில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன், அழித்தேன்.

பிறப்பிலேயே தலை சிறுத்த பிள்ளைகள் சிலரில் பிழைத்திருக்கும் மரபணுக்களும் பெரும்பாலும் சென்ட்ரோசோமையும் கதிர் முனையையும் சேர்ந்தவை. மூளையின் மூலக் கலங்கள் போதிய தடவை பிரியாமல் நின்றுவிடுகின்றன. தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பிழைப் பிரதி கொடுத்தால்தான் வரும், அதனால் மச்சான் மச்சாள் கலியாணம் உள்ள குடும்பங்களில் கொஞ்சம் கூடுதலாகத் தென்படும். இதை வகுப்பில் சொல்லும்போது குரலைக் கவனமாக வைத்துக்கொள்வேன், யார் வீட்டில் என்ன இருக்கிறதென்று தெரியாது.

பிரிவே இல்லாத இடத்திலும் சென்ட்ரோசோமுக்கு வேலை இருக்கிறது. நோய்க்கிருமி புகுந்த கலத்தை எங்கள் ரி கலம் (நோய் எதிர்ப்புக் கலம்) ஒன்று தொட்டதும், சில நிமிடத்தில் அதன் சென்ட்ரோசோம் இடம்பெயர்ந்து தொட்ட இடத்துக்கே வந்து ஒட்டிக்கொள்ளும். நஞ்சுப் பொதிகள் நுண்குழாய் வழியே அங்கேதான் வந்து சேரும், பக்கத்துக் கலத்தில் சிந்தாது.

கயிற்றை முளைக்கவிடாமல் செய்யும் நஞ்சு எங்கள் வேலியிலேயே இருக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கார்த்திகைப்பூவின் கிழங்கில் கொல்கிசின். (பூவின் அரசியலை விடுங்கள், இது கிழங்கின் கதை.) கிழங்கைத் தொட்டால் கையைக் கழுவாமல் வாயில் வைக்காதே என்று அம்மம்மா அடித்துச் சொல்வார். அந்தக் கொல்கிசின், நுண்குழாயைக் கட்டும் டியூபுலின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நுண்குழாய் நீளாமல் செய்துவிடும், நிறமூர்த்தங்கள் நடுவில் இழுக்க ஆளில்லாமல் நிற்கும். சேமக்காலைப் பக்கம் தானாகப் பூத்துக் கிடக்கிற பட்டிப்பூவில் வின்கிறிஸ்டின், அதுவும் ஏறத்தாழ இதே வேலை, சின்னப் பிள்ளைகளின் இரத்தப் புற்றுக்கு இன்றும் அதுதான் முக்கியமான மருந்துகளில் ஒன்று. இரண்டும் கயிற்றைக் கெடுப்பவை, கரையில் நிற்கும் ஆளை அல்ல. அதனால் வெங்காயத்திலும் வேலை செய்யும்.

நேற்று இதையெல்லாம் சொல்லி முடிக்க ஒன்றரை மணித்தியாலம் ஆனது, பாதியில் கரண்டும் போனது. அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் கேட்டாள், "சேர், சோதினையில புன்மையத்தியின் தொழில் என்ன எண்டு வந்தா?"

"கதிரை ஆக்குதல் எண்டு எழுதுங்கோ."

"அது பிழை எண்டுதானே இவ்வளவு நேரமும் சொன்னீங்க."

"ரெண்டாவது வரியில பிசிரைப் பற்றியும் எழுதுங்கோ. இடம் இருந்தால்."

அவள் நம்பாத மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொப்பியை மூடினாள். வேறொரு பெடியன் வெங்காயத்தை இன்னொரு தடவை பார்க்கலாமா என்று கேட்டான். யோகட் கோப்பையைத் தேடினேன், தண்ணீர் மட்டும் இருந்தது. வீட்டுக்கார அக்கா வேரை வெட்டி எறிந்துவிட்டு அதைச் சம்பலுக்கு அரிந்திருந்தார்.